மூக்கில் ஒரு பேர், வயிற்றில் ஒரு பேர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஃபெராரி 296 ஜிடி3 பந்தயக் காரைப் பிரான்ஸில் இருக்கிற ஓரெக்கா என்ற கம்பெனிதான் கட்டித் தருகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று தெரிந்திருந்தால் அதையே இரண்டு மாதம் இழுத்து எழுதியிருப்பேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று நம் சுற்றுவட்டாரத்தில் ரேஸ் பார்க்கிற ஆட்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். சரி, இந்த மாதம் முழுக்க இதுதான். மைலேஜ் குறைகிறது, கிளட்ச் சூடாகிறது என்று எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

ஃபெராரி காரை ஃபெராரியே கட்டவில்லை என்றால் அது எப்படி ஃபெராரி? எங்கள் ஹாஸ்டலில் இரண்டு நாளாகச் சண்டை. "அது ஓரெக்கா கார்டா, ஃபெராரிக் குதிரை வெறும் ஸ்டிக்கர்" என்கிறான் ஒருத்தன். தீர்ப்புச் சொல்லுங்கள்.
– இன்ஜினியரிங் மாணவர், பள்ளத்தூர்

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி, தம்பி. தென் பிரான்ஸில், பால் ரிக்கார்ட் ரேஸ் டிராக்குக்குப் பக்கத்தில் இருக்கிற ஓரெக்காவின் தொழிற்சாலையில்தான் அந்தக் காரைப் பூட்டுகிறார்கள். ஆனால் அதற்குள் உட்காருகிற மூன்று லிட்டர் வி6 டர்போ இன்ஜின் ஃபெராரியின் சொந்த ஊரான இத்தாலியின் மரனெல்லோவிலிருந்து வருகிறது. காற்று எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று வரைந்ததும் மரனெல்லோதான். இதற்கு முன்னால் வந்த 458, 488 ஜிடி3 கார்களைக் கட்டியது பதுவா ஊரில் இருக்கிற மிக்கெலொட்டோ. அப்போது எந்த ஹாஸ்டலிலும் சண்டை வந்ததாகக் கேள்விப்படவில்லை. மிக்கெலொட்டோ இத்தாலி, ஓரெக்கா பிரான்ஸ், வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவே உங்கள் நண்பருக்கு உறுத்துவது வேலையை வெளியே கொடுத்தது இல்லை, வெளிநாட்டில் கொடுத்தது என்று நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள்.

இன்னும் பின்னால் போனால் கதை ருசியாகிறது. 1962 முதல் 1964 வரை வந்த 250 ஜிடிஓ மொத்தமே 36 கார்தான், இன்றைக்கு உலகத்திலேயே அதிக விலைக்குப் போகிற கார்களில் ஒன்று. அதன் மேல்கூடு ஃபெராரி தொழிற்சாலையில் செய்ததில்லை, மொதேனாவில் ஸ்காலியெத்தி பட்டறையில் அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி வளைத்தது. 1973-இல் இத்தாலியில் வேலைநிறுத்தமாக இருந்தபோது, ஃபெராரியின் 312 பி3 ஃபார்முலா ஒன் காருக்கான மோனோகாக், அதாவது ஓட்டுநர் உட்காரும் தொட்டி, இங்கிலாந்தில் நார்தாம்ப்டனில் ஜான் தாம்சன் என்பவரின் பட்டறையில் உருவானது. 1989-இல் வந்த 640 காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற தகட்டை விரலால் இழுத்து கியர் மாற்றுகிற ஏற்பாட்டோடு ஃபார்முலா ஒன்னில் முதலில் வந்தது அதுதான், பிரேசிலில் ஓடின முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் ஜெயித்தார். அதை வரைந்த ஜான் பர்னார்ட் இத்தாலிக்குக் குடிபோக மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், இங்கிலாந்தில் கில்ஃபோர்டில் அவருக்கென்று தனி ஆபீஸே போட்டுக் கொடுத்தார்கள். படமே வெளிநாட்டில் வரைந்தது! அதையும் ஃபெராரி இல்லை என்று எவனும் சொல்லவில்லை.

நம் ஊர் மாட்டு வண்டிப் பந்தயத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் தை மாதம் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து விடுவார்கள், பெரிய மாட்டுக்குப் போக வர எட்டு மைல் வைப்பார்கள். மைக்கில் யார் பெயரைச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். ஊர்ப் பெயர், அப்புறம் மாட்டுக்காரர் பெயர். வண்டி செய்த ஆசாரி பெயர் வராது. மாடு எந்தச் சந்தையில் பிடித்தது என்பது வராது. சாரதி பெயர் வந்தாலும் வரும், வராமலும் போகும், அவரும் பாதி நேரம் வேறு ஊர் ஆள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பந்தயத்தில் தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு வண்டிக்கு அச்சில் ஆட்டம் இருந்தது. ஆசாரி வெளியூர்க்காரர், வாச்சியை இடுப்புத் துண்டில் செருகிக்கொண்டு குனிந்து சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார், கந்தல் துணியில் கிரீஸைத் தடவி அச்சில் சுற்றினார், கடையாணியை இரண்டு தட்டு தட்டினார். "இப்ப ஓடும், ஆனா திரும்புற எடத்துல பாத்து" என்றார். மாட்டுக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். விலகிக்கொள்ளலாம், விடலாம், முடிவு அவர் கையில். விட்டார். திரும்புகிற இடத்தில் சக்கரம் சாய்ந்து, முதலில் போன வண்டி நாலாவதாக வந்தது. அந்த மனுஷன் ஆசாரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான்தான் விட்டேன்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

எனக்கு அளவுகோல் அதுதான் தம்பி. வண்டி எந்தப் பட்டறையில் உருவானாலும் சரி, இப்படி இருக்கட்டும் என்று முடிவு செய்தது யார், தோற்றால் தலை குனிகிறவன் யார், அவன் பெயர் அந்த வண்டியில் இருக்கலாம். 296 ஜிடி3 சரியாக ஓடவில்லை என்றால் பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டப் போவது ஓரெக்காவிடம் இல்லை. 2023-இல் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் அந்தக் கார் ஜெயித்தபோது, ஓட்டியது ஒரு தனியார் ஜெர்மன் அணி, கட்டியது பிரெஞ்சுப் பட்டறை, ஆனாலும் அந்தப் பந்தயத்தில் ஃபெராரிக்கு முதல் வெற்றி என்றுதான் எழுதினார்கள்.

லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே, பி.எம்.டபிள்யூ., காடிலாக் எல்லாம் சேஸிஸை வெளியே வாங்குகின்றனவாமே? கியர்பாக்ஸும் ஒரே கம்பெனியாம். பிறகு போட்டி யாருக்கும் யாருக்கும்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தேவகோட்டை

ஐயா, கேள்விப்பட்டது உண்மை. இது திருட்டுத்தனமாக நடப்பதும் இல்லை, எல்.எம்.டி.ஹெச். என்ற பிரிவின் விதியே அப்படி. டல்லாரா, லிஜியே, மல்ட்டிமாட்டிக், ஓரெக்கா என்று நான்கு கம்பெனிகள், அதில் ஒன்றிடம்தான் சேஸிஸ், அதாவது காரின் எலும்புக்கூடு, வாங்க வேண்டும். ஹைப்ரிட் மோட்டார் எல்லோருக்கும் பாஷ், கியர்பாக்ஸ் எல்லோருக்கும் எக்ஸ்ட்ராக். எடை 1,030 கிலோவுக்குக் குறையக்கூடாது, சக்தி ஏறக்குறைய 500 கிலோவாட். செலவு எல்லை மீறிப் போய் ஒவ்வொரு கம்பெனியாகக் கழன்றுகொண்டதால் வந்த விதி இது. போர்ஷே 963-க்குக் கனடாவின் மல்ட்டிமாட்டிக், பி.எம்.டபிள்யூவுக்கும் காடிலாக்குக்கும் இத்தாலியின் டல்லாரா, ஆல்பைனுக்கு ஓரெக்கா, லம்போர்கினி இறக்கிய காருக்கு லிஜியே.

சரி, அப்புறம் என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். பி.எம்.டபிள்யூவும் காடிலாக்கும் ஒரே டல்லாராவிடம் வாங்கியவை. ஆனால் காடிலாக்கில் இருப்பது டர்போ இல்லாத ஐந்தரை லிட்டர் வி8, பி.எம்.டபிள்யூவில் இருப்பது டர்போ வைத்த நாலு லிட்டர் வி8. இரண்டும் உங்கள் முன்னால் போனால் கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடலாம், காடிலாக் போகும்போது நெஞ்சுக்கூடு அதிரும். போர்ஷேயின் 4.6 லிட்டர் இன்ஜின் 918 ஸ்பைடர் காரின் வழியில் வந்தது, அதுவும் அதற்கு முந்தைய ஆர்.எஸ். ஸ்பைடர் என்ற பந்தயக் காரிலிருந்து வந்தது. ஆக, வம்சம் இன்ஜினில் இருக்கிறது. அதைவிடப் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்: பிரேக் பிடிக்கும்போது மோட்டார் எவ்வளவு சக்தியை உறிஞ்ச வேண்டும், பின்சக்கரம் எப்போது வழுக்கத் தொடங்குகிறது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்கிற மென்பொருள் அவரவர் எழுதியது. ஒரே கடையில் அரிசி வாங்கினாலும் சோறு அடுப்பைப் பொறுத்துத்தான். 2024, 2025 இரண்டு வருஷமும் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது 963. "மல்ட்டிமாட்டிக் ஜெயித்தது" என்று ஒரு தலைப்பு பார்த்தீர்களா?

இது இன்றைக்கு முளைத்த வழக்கமும் இல்லை. லெ மானில் ஐந்து முறை ஜெயித்த ஆடி ஆர்8-இன் சேஸிஸ் டல்லாரா செய்தது. பி.எம்.டபிள்யூ. தன் பெயரிலேயே லெ மானில் ஜெயித்தது 1999-இல் ஒரே ஒரு தடவை, அந்த வி12 எல்.எம்.ஆர். காரைக் கட்டியது இங்கிலாந்தில் இருக்கிற வில்லியம்ஸ். 1988-லும் 1990-லும் ஜெயித்த ஜாகுவார்கள் டி.டபிள்யூ.ஆர். பட்டறையில் பிறந்தவை. பழைய வெற்றிப் பட்டியலை எடுத்து இப்படிச் சலித்தால் சல்லடையில் மிஞ்சுவது கொஞ்சம்தான் ஐயா.

எங்கள் வீட்டுத் தூண் பர்மா தேக்கு, தரை இத்தாலி மார்பிள், சுவர்க் கல் ஜப்பான், உத்திரத்தில் இங்கிலாந்துக் கம்பெனிப் பெயர். ஆனாலும் இது செட்டிநாட்டு வீடுதானே? ரேஸ் காருக்கும் இதே பதில்தான் என்று என் பேரனிடம் சொன்னேன். சரிதானே?
– ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்

ஆச்சி, முக்கால்வாசி சரி. கால்வாசிக்கு மட்டும் சண்டை போட அனுமதி கொடுங்கள். உங்கள் வீட்டில் ஐயா பர்மாவிலிருந்து மரத்தைக் கப்பலில் ஏற்றினாலும், முகப்பு எங்கே, வளவு எங்கே, கல்யாணத்துக்கு எத்தனை பேர் பட்டாசாலையில் உட்கார வேண்டும் என்று தீர்மானித்தது அவர். அது வரைக்கும் காருக்கும் பொருந்தும்.

ஆனால் வீட்டுத் தரையில் கொஞ்சம் தள்ளிப் போனால் ஆத்தங்குடிக் கல் இருக்கும், இல்லையா? கண்ணாடி மேல் அச்சை வைத்து, நிறக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல். பூ வந்த பக்கம் கண்ணாடியோடு ஒட்டியிருந்ததால்தான் அந்த வழவழப்பு. அதே பூவை மெஷினில் அச்சடித்து வேறு மாநிலத்திலிருந்து லாரியில் இறக்கி "ஆத்தங்குடி டைல்ஸ்" என்று விற்றால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? மாட்டீர்கள். ஏனென்றால் அந்தப் பெயர் ஒரு ஊரின் பெயர், அந்த ஊர் மண்ணையும் அந்த ஊர்க் கையையும் சொல்லித்தான் காசு வாங்குகிறது. ஃபெராரி என்பது ஒரு ஆளின் பெயர், போர்ஷேயும் அப்படித்தான். ஆள் பெயருக்கு அந்த ஆளின் தீர்மானம் இருந்தால் போதும். ஊர்ப் பெயருக்கு ஊர் வேண்டும். பேரனிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கூடவே ஒரு டப்பா மணவோலமும் கொடுத்தால் ஒப்புக்கொள்வான்.

ஃபோர்ஸ் இந்தியா என்று பெயர் வைத்து, கார் இங்கிலாந்தில், இன்ஜின் மெர்சிடிஸ், ஓட்டுநர்கள் வெளிநாட்டுக்காரர்கள். நாம் கொடி பிடித்ததெல்லாம் ஏமாளித்தனமா?
– மளிகைக் கடைக்காரர், காரைக்குடி

அண்ணே, மேலே ஆச்சிக்குச் சொன்னதைப் படித்துவிட்டு இங்கே வாருங்கள். பெயரில் ஒரு நாட்டைப் போட்டுக்கொண்டார்கள், ஆகவே "நாட்டில் எந்த மூலையில் கட்டினீர்கள்?" என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. விஜய் மல்லையா 2008-இல் ஆரம்பித்தபோது வாங்கியது ஒரு பழைய ஃபார்முலா ஒன் அணியை, இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோனில் இருந்த அதே பட்டறையோடு. அந்தப் பட்டறை வாசலில் போர்டு மாறிய வரலாறு ஒரு வேடிக்கை: 1991-இல் ஜோர்டன், 2006-இல் மிட்லண்ட், 2007-இல் ஸ்பைக்கர், 2008-இலிருந்து ஃபோர்ஸ் இந்தியா, 2019-இல் ரேசிங் பாயிண்ட், 2021-இலிருந்து ஆஸ்டன் மார்ட்டின். பட்டறை அதே இடம், ஆட்களில் நிறையப் பேர் அதே ஆட்கள்.

ஆனால் ஒன்று கேளுங்கள். 2005-இல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டன் அதே பட்டறையில்தான் பிறந்தது. டயர்த் தகராறில் ஆறே கார் ஓடிய அமெரிக்கப் பந்தயத்தில் அவர் நாலாவதாக வந்தார், ஃபார்முலா ஒன்னில் ஒரு இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள். இந்தியா என்று பெயர் இல்லாத காரில் ஒரு இந்தியர் இருந்தார். இந்தியா என்று பெயர் வைத்த காரில் இந்தியர் ஒரு பந்தயம்கூட ஓட்டவில்லை. 2009-இல் ஸ்பா பந்தயத்தில் ஃபோர்ஸ் இந்தியா ஓட்டுநர் ஃபிசிகெல்லா முதல் இடத்திலிருந்து கிளம்பி இரண்டாவதாக வந்த அன்றைக்கு நானும் டிவி முன்னால் குதித்தவன்தான், அது பொய் என்று இப்போது சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயரில் இருந்த நாடு, முதலாளியின் பாஸ்போர்ட்டில் இருந்த நாடு. அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இத்தாலிக்குச் சிவப்பு, இங்கிலாந்துக்குப் பச்சை, பிரான்ஸுக்கு நீலம் என்று வண்ணம் இருந்தபோதுகூட, காரை இறக்குகிறவர் எந்த நாடோ அந்த நிறம்தான், கட்டியவர் நாடு இல்லை. 1964 கடைசியில் என்ஸோ ஃபெராரிக்கு இத்தாலிய மோட்டார் சங்கத்தோடு கோபம் வந்து, கடைசி இரண்டு பந்தயத்திலும் ஃபெராரி நீலமும் வெள்ளையுமாக, ஒரு அமெரிக்க அணியின் பெயரில் ஓடியது. ஃபெராரி ஓட்டுநர் ஜான் சர்டீஸ் அப்படித்தான் உலகப் பட்டம் வாங்கினார்.

ஹாஸ் அணி எல்லாவற்றையும் வெளியில் வாங்குகிறது. அது அணியா, அசெம்பிளி கடையா?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

2016-இல் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தபோதிலிருந்து சேஸிஸ் டல்லாரா, இன்ஜினும் கியர்பாக்ஸும் சஸ்பென்ஷனும் ஃபெராரி. விதி ஒப்புக்கொள்கிறது, அணி. விதி என்ன சொல்கிறது என்பதுதான் இதில் சுவாரசியம். சில முக்கியமான பாகங்களை அணி தனக்கென்று வடிவமைத்து உரிமையைத் தன் கையில் வைத்திருக்க வேண்டும், செய்து தரும் வேலையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், போட்டி அணியிடமிருந்து மட்டும் அந்தப் பாகம் வரக்கூடாது. 2020-இல் ரேசிங் பாயிண்ட் இதில்தான் மாட்டியது. அவர்களின் பின்பக்க பிரேக் காற்றுக் குழாய் முந்தைய வருஷத்து மெர்சிடிஸ் டிசைன் என்று தெரிந்து, 15 புள்ளி வெட்டு, 4 லட்சம் யூரோ அபராதம். அதை யார் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை, யார் யோசித்தார் என்று கேட்டார்கள். கார் உலகத்தின் நீதிமன்றமும் என் கட்சிதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

என்னை உறுத்துவது ஹாஸ் இல்லை, ஆல்ஃபா ரோமியோ. 2019 முதல் 2023 வரை அந்தப் பெயரில் ஓடிய கார் சுவிட்சர்லாந்தில் சாபர் அணி யோசித்து, சாபர் அணி கட்டி, ஃபெராரி இன்ஜின் வைத்தது. ஆல்ஃபா கொடுத்தது பணமும் பெயரும். ஒப்பந்தம் முடிந்தது, பெயர் கழன்றது, கார் ஓடிக்கொண்டே இருந்தது. உங்கள் பெயரைக் கழற்றியும் கார் அதே காராக இருந்தால் அது உங்கள் கார் இல்லை.

நாங்கள் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாம் "ஒரிஜினலா?" என்று ஒரே கேள்வி. ரேஸ் காரில் ஒரிஜினலை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?
– கடைக்காரர், காரைக்குடி

உங்கள் தொழிலும் அவர்கள் தொழிலும் ஒன்றுதான். உங்கள் கடையில் அடுக்கி வைத்திருக்கிற எனாமல் டிபன் கேரியரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஸ்வீடன் என்றோ செக்கோஸ்லோவாகியா என்றோ முத்திரை இருக்கும். வாங்குகிறவர் "அய்யோ, செட்டிநாட்டுச் சாமான் இல்லையா" என்று அழுவதில்லை, முத்திரை இருந்தால் விலை கூடத்தான் செய்கிறது. எந்த வீட்டுச் சீரில் வந்தது, எந்த வளவில் கிடந்தது என்று சொல்ல முடிந்தால் இன்னும் கூடும்.

ரேஸ் காரிலும் அப்படியே. சேஸிஸ் எண், அது எந்தெந்தப் பந்தயத்தில் ஓடியது, எந்த வருஷம் அடிபட்டது, அடிபட்டபின் என்னென்ன மாற்றினார்கள், இந்தச் சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். போர்ஷே 962-ஐப் பாருங்கள். காரை வாங்கிய தனியார் அணிகளே போர்ஷே தொட்டி நெளிகிறது என்று சொல்லி, வெளியே சொந்தமாகத் தொட்டி செய்துகொண்டன. அதைச் செய்து கொடுத்தவர்களில் ஒருவர், முதல் பதிலில் வந்த அதே ஜான் தாம்சன். அந்தக் கார்கள் அந்தக் காலத்திலேயே பந்தயத்தில் ஓடியவை, ஆகவே போலி என்று யாரும் ஒதுக்குவதில்லை, யார் செய்த தொட்டி என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் ஒரு விசித்திரம் சொல்கிறேன். 1991-இல் ஜாகுவார் எக்ஸ்.ஜே.ஆர்-14 என்ற கார் ஓடியது. அதே வடிவத்துக்கு மஸ்தா பெயர் வைத்து அடுத்த வருஷம் ஓட்டினார்கள். பிறகு அந்த ஜாகுவார்ச் சேஸிஸ் ஒன்றின் கூரையை வெட்டி, போர்ஷே இன்ஜினைப் பூட்டி, 1996-லும் 1997-லும் லெ மானில் ஜெயித்தார்கள். இரண்டு வருஷமும் ஒரே கார். மூக்கில் போர்ஷே, வயிற்றில் ஜாகுவார். அதை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை, போர்ஷேயே முதலில் அந்தக் காரைக் கைவிட்டு, யோஸ்ட் என்ற தனியார் அணிதான் அதை எடுத்து ஓட்டியது. மனசு யோஸ்ட் பக்கம்தான் போகிறது.

இதற்குத் தலைகீழாக இன்னொன்று. 1963-இல் ஜாகுவார் 18 லைட்வெயிட் இ-டைப் கட்டத் திட்டம் போட்டு 12-தான் கட்டியது. மிச்சம் ஆறு எண்ணையும் 2014-இல் எடுத்து, அந்த ஆறு காரையும் தானே கட்டியது. கம்பெனி அசல், டிசைன் அசல், எண்ணும் அசல். ஆனால் சேகரிக்கிறவர்கள் அதை 1963 கார்களோடு ஒன்றாக வைப்பதில்லை. நீங்களும் நேற்றைக்கு அடித்த வெண்கலப் பானையைப் பழைய பானை விலைக்கு வைத்தால் உங்கள் தெருவே சிரிக்கும்.

தமிழ்நாட்டில் கட்டிய ரேஸ் கார் ஏதாவது உண்டா?
– பிளஸ் டூ மாணவி, கோட்டையூர்

உண்டு, அதுவும் நல்ல பெயரோடு. கோயம்புத்தூரில் கரிவரதன் என்ற மனிதர் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார், ஃபார்முலா மாருதி என்று பெயர். மேலே சொன்ன நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓட்டியது அதில்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார், கோவையில் 2003-இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் இருக்கிறது. இன்றைக்கும் கோவைச் சங்கிலிக் கம்பெனி எல்.ஜி.பி. பெயரில், மாருதி ஸ்விஃப்ட் இன்ஜினோடு ஃபார்முலா கார்கள் ஓடுகின்றன. இன்ஜின் எடுத்தது கடையில் வாங்குகிற காரிலிருந்து, குழாயை வெட்டி வெல்டிங் அடித்தது நம் ஊர்க் கை. யோசித்ததும் இங்கே, கட்டியதும் இங்கே, ஃபார்முலா மாருதியில் பெயர் மட்டும் இன்ஜின்காரனுக்குப் போய்விட்டது பாருங்கள். அந்தக் காரைக் கரிவரதன் கார் என்று யாராவது சொன்னால் நான் திருத்த மாட்டேன்.

இவ்வளவு எழுதுகிறீர்களே, உங்கள் சொந்த வண்டியை வெளியே கொடுத்து ஏமாந்த அனுபவம் உண்டா?
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர், திருமயம்

திருமயத்திலிருந்து இந்தக் கேள்வி வருவது என் ஜாதக விசேஷம். பத்து வருஷத்துக்கு முன்னால் என் பழைய புல்லட்டை ஒரு பட்டறையில் விட்டேன், பெயர் எதற்கு. ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட வேண்டும். "எல்லாம் நம்மகிட்டயே பண்றது சார்" என்றார். ஒரு வாரத்தில் வண்டி வந்தது, சத்தம் நன்றாகவே இருந்தது. புதுக்கோட்டை போகிற வழியில் திருமயம் கோட்டை கண்ணில் படுகிற நேரம் பார்த்து பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் கீச்சென்று இழுத்து ரோட்டில் இரண்டடிக்குக் கறுப்புக் கோடு. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் பக்கவாட்டில் தகரத்தை ஆணியால் கீறியது மாதிரி நெட்டுக்கு நெட்டுக் கோடு, இடைவெளியே விடாமல் கடைந்திருக்கிறார்கள்.

பட்டறைக்காரரிடம் போனேன். "அது லேத்துல பண்ணது சார், நாங்க இல்ல" என்றார். எந்த லேத் என்றால் வேறு ஊர். அங்கே போனால் "அவரு சொன்ன அளவுக்குத்தான் கடைஞ்சோம்" என்கிறார்கள். லேத்துக்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல லேத்தாகப் பார்த்துக் கொடுத்திருந்தால் நானே நன்றி சொல்லியிருப்பேன். ஓடினபோது "நம்ம வேலை", நின்றபோது "லேத்து வேலை" என்றார் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல். அந்த மாட்டுக்காரர் மாதிரி "நான்தான் விட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக் காசை நானே போட்டிருப்பேன். அந்த பிஸ்டன் இப்போது உங்கள் கடிதங்கள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, ஃபேன் காற்றுக்குப் பறக்காமல் இருக்க.

கடைசியாக ஒன்று: அஜித் ஓட்டுகிற கார் யாருடைய கார்?
– பல வாசகர்கள், பல ஊர்

தெரியும், இது வராமல் போகாது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமார் ரேசிங் அணி ஓட்டியது போர்ஷே 911 ஜிடி3 கப், தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அந்தக் காரைக் கட்டியது போர்ஷேதான், ஸ்டுட்கார்ட்டில் ரோட்டுக் கார் வருகிற அதே வரிசையில் வருகிறது. அணியில் அவர் பெயர், காரில் போர்ஷே பெயர், இரண்டும் தனித்தனியாகத்தான் எழுதியிருக்கிறது. இதில் வழக்கே இல்லை, போய்ப் படியுங்கள்.